மூணாவது இறக்கை

ஜன்னலைச் சாத்தியாயிற்று. மேற்குக் கதவையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாயிற்று. தவசிமுத்து நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். முதுகு மேற்கே. முகத்துக்கு நேரே மளிகைக்கடைக் காலண்டர். கண் பார்த்தால் காது கெட்டுப்போகும். இறக்கை இறங்குவதைக் கண் பார்த்துவிட்டால் போதும், காது அதற்குத் தகுந்த மாதிரி ஒன்றைத் தயார்பண்ணிக் கேட்டு வைக்கும். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவருக்கு அது தெரியாதா. ஆகவே பார்ப்பதாக இல்லை. வீட்டுக்குப் பின்னால் வாழை, வாழையைத் தாண்டி ஒரு கல்லெறி தூரத்தில் கரண்டு எடுக்கிற அந்தக் காத்தாடி. கணவாய்க் காற்றுக்கு மலையடிவாரம் பூராவும் நட்டுவைத்திருக்கிற நூற்றுக்கணக்கான காத்தாடிகளில் ஒன்று. பழசு. இரும்புச் சட்டக் கோபுரம், வெளிப்பக்கம் ஏணி. ஆனி பிறந்ததும் அந்த ஏணியிலிருந்துதான் ராஜசிங் விழுந்து செத்தான். அன்றைக்கு நின்ற காத்தாடி, ஆடி வந்தும் நிற்கிறது. கம்பெனிக்காரர்கள் வந்து தட்டிப் பார்த்தார்கள், படம் பிடித்தார்கள், குறை ஒன்றும் இல்லை என்றார்கள். இன்றைக்கு மத்தியானம் மறுபடி ஓட்டப் போகிறார்கள். ராஜசிங் அவருடைய அக்கா மகன், அதே கம்பெனியில் காத்தாடி பார்க்கிற வேலை. இருபத்தொன்பது வயது. அவன் பெண்டாட்டி சுகந்தி வரப்பில் போய் நிற்கிறாள். ஓடும்போது மூணாவது இறக்கைச் சத்தத்தில் இழுப்பு இருந்தால், ராஜசிங் வேலைக்காக ஏறினவன். இல்லையென்றால், இல்லையென்றால் என்கிற இடத்துக்கு மேலே மனசு போகமாட்டேன் என்கிறது. ஏற்றத்தில் சுமை வண்டி நிற்கிற மாதிரி நின்று உறுமுகிறது. போகட்டும். ஓடட்டும். காது சொல்லும்.

அடுக்களையில் மிக்ஸி கிளம்பியது. நிறுத்துட்டி என்று கத்தினார். நின்றது. பெண்டாட்டி செல்லபாய் கதவருகே வந்து நின்றாள் என்பது மசாலா வாடையில் தெரிந்தது. கம்பெனி மிஷினுக்காக இந்த வீட்டில் மீன் குழம்பு வைக்கக்கூடாது என்று சட்டம் வந்திருக்கிறதா என்று கேட்டாள். "பெரிய காதுதான்," என்றாள். "எங்கயோ கெடக்குற எறக்க இழுக்குறது கேக்கும். பக்கத்துல நின்னு நான் நாலு தடவ கூப்பிட்டா கேக்காது." வாடை போய்விட்டது. அம்மியில் அரைக்கத் தொடங்கினாள், வீம்புக்கு. அம்மி பரவாயில்லை. அம்மிக்கு ஒரு போக்கு உண்டு, போகும், வரும், அதை ஒதுக்கி வைத்துவிடலாம். வெளியே காற்று. காற்றுக்குள்ளே மற்ற காத்தாடிகள், தெற்கே உள்ளது, வடக்கே உள்ளது, மலையோரத்தில் வரிசையாக நிற்பது, எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாக, கடல் தூரத்தில் இருக்கிற மாதிரி. அந்த இரைச்சலில் ஒரு ஓட்டை. பின்னால் நிற்கிறது பேசாமல் இருக்கிற ஓட்டை. பல் போன இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி காது அங்கேயே போகிறது. போகாதே என்றால் போகாமல் இருக்குமா. வேடிக்கை என்னவென்றால் பல் இருந்த காலத்தில் பல் இருந்ததே தெரியாது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நட்டார்கள். நட்ட புதிதில் தூக்கம் வராது, மாடு கறக்காது, கோழி முட்டையிடாது என்று ஊர் பூராவும் புலம்பியது. அவர் தூங்கினார். கோழியும் முட்டையிட்டது. ஒரு மாசத்தில் சத்தம் காணாமல் போயிற்று, வீட்டில் எரிகிற டியூப்லைட்டின் ரீங்காரம் மாதிரி, சொந்த மூச்சு மாதிரி. பதினைந்து வருஷம் அது சுற்றியது, பதினைந்து வருஷம் அவர் கேட்கவில்லை. அப்புறம் பங்குனியிலோ சித்திரையிலோ அந்தப் பயல் ராஜசிங் வந்து காப்பி குடித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னான். சும்மா சொன்னான். காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னான். "மாமா, நீங்க பூராநேரமும் இங்கதான இருக்கீய. வடக்கே ஒண்ணுல மூணாவது எறக்கயிலே வெடிப்பு வந்திருக்கு. இதுலயும் மூணாவது எறக்க ஏதும் இழுக்குதான்னு ஒரு காது வச்சுக்கிடுங்க." அவ்வளவுதான். பிறகு மாங்காய் விலையைப் பற்றிப் பேசினான். அன்றைக்குச் சாயங்காலம் அவர் முதல் தடவையாக அந்தச் சத்தத்தைக் கேட்டார். உஷ். உஷ். உஷ். மூன்றும் ஒன்றுபோலத்தான். மறுநாள் கேட்டார். ஒன்றுபோலத்தான். அதற்கு மறுநாள், ஒன்றுபோலத்தானா? ஒரு வாரத்தில் மூணாவது இழுத்தது.

அது எப்போது இழுக்கத் தொடங்கியது என்று எத்தனை தடவை பின்னோக்கிப் போய்ப் பார்த்தாகிவிட்டது. சொன்னதற்கு முன்னாலேயே இழுத்துக்கொண்டிருந்ததா, அவர் கேட்கவில்லையா. சொன்ன பிறகு இழுத்ததா. இல்லை, சொன்னதால். இந்தச் ‘சொன்னதால்’ இருக்கிறதே, அதுதான் முள். அதை மிதிக்காமல் சுற்றிப் போனால் வேறொரு வழியாக வந்து அதே முள்ளை மிதிக்கிறார். நாகர்கோவில் தக்கலை ரூட்டில் ஓடுகிற காலம். கண்டக்டர் வேலப்பன் ஒருநாள் பின்வாசலில் தொங்கிக்கொண்டே வந்து, அண்ணே, பின்னாடி ஏதோ தட்டுதே என்றான். அதுவரை வண்டி வெண்ணெய் மாதிரி போய்க்கொண்டிருந்தது. சுங்கான்கடை தாண்டவில்லை, தட்டத் தொடங்கிவிட்டது. வில்லுக்குறியில் அவருக்கு முதுகில் தட்டியது. தக்கலையில் இறங்கி அடியில் படுத்துப் பார்த்தார். டெப்போவில் விட்டார். மெக்கானிக் கழற்றிப் பார்த்தான், ஒன்றுமில்லை. அவர் விடவில்லை, மறுபடி கழற்றச் சொன்னார், ஒன்றுமில்லை. வேறு வண்டி மாற்றிக்கொடுத்தார்கள். அந்த வண்டியிலும் தட்டியது. கடைசியில் வேலப்பன்தான் வேறு ரூட்டுக்குப் போனான். தட்டல் எப்போது நின்றது என்று தெரியாது. நின்றதைக் காது சொல்லவில்லை. தொடங்கினதை மட்டும் காது பறையடித்துச் சொல்லும், நின்றதைச் சொல்லாது. ஆனால் அது வேறு. பஸ் வேறு, காத்தாடி வேறு. பஸ்ஸில் ஐம்பது பேர் பேசுகிறார்கள், கம்பி ஆடுகிறது, கண்ணாடி ஆடுகிறது. காத்தாடிக்கு மூணே இறக்கை. அதில் ஒன்று இழுத்தால் இழுக்கிறதுதான். குழந்தைக்குக்கூடத் தெரியும். குழந்தை என்றதும் அக்கா வந்துவிடுகிறாள். போன வருஷம் செத்துப்போன அக்கா, நல்லவேளை முந்திக்கொண்டாள். ராஜசிங் ஆறு மாசக் குழந்தை, சளி. ஏலே தவசி, கேளு, நெஞ்சு இழுக்குது பாரு என்று பிள்ளையைத் தூக்கி அவர் காதில் வைத்தாள். சூடான சின்ன நெஞ்சு, வசம்பு வாசனை. கேட்டார். இழுத்தது. விசில் அடிக்கிற மாதிரி இழுத்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடினார். டாக்டர் குழல் வைத்துப் பார்த்துவிட்டு நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, மூக்கிலேதான் சளி என்று சொன்னார். அப்போது அவருக்கு என்ன கோபம். என் காதால் கேட்டேன் ஐயா என்று டாக்டரிடம் சண்டை. மறுநாள் பிள்ளை எழுந்து விளையாடியது. சரி, டாக்டர் சொன்னது சரி. ஆனால் அந்த விசில் சத்தம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. இப்போதுகூட நினைத்தால் இந்த இடது காதில், இந்தா, விசில்.

அம்மி நின்றிருந்தது. எப்போது நின்றது? பார்த்தாயா, நின்றதைச் சொல்லாது. காற்று வாழை இலையைக் கிழித்துக்கொண்டிருந்தது. ஓட்டை அப்படியே இருந்தது. இன்னும் ஓட்டவில்லை. மணி பார்க்கக் கூடாது. மூன்று மணிக்கு மேலே என்று எஞ்சினியர் சுகந்தியிடம் சொல்லியிருந்தான். மணி பார்த்தால், இதோ மூன்று, இதோ இப்போது என்று காது எழுந்து நின்றுவிடும். ஒன்றும் எதிர்பார்க்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வெறும் ஆளாக. யாரோ ரோட்டில் போகிறவன், தண்ணீர் குடிக்க வந்து உட்கார்ந்தவன் மாதிரி. அது முடியுமா. மனசை வேறெங்காவது கட்டிப்போட வேண்டும். பழைய ரூட்டைச் சொல்லிப் பார்த்தார். வடசேரி, வெட்டூர்ணிமடம், பார்வதிபுரம். சுங்கான்கடை, வில்லுக்குறி, குமாரகோவில் விலக்கு. சொல்லும்போதே மூன்று மூன்றாகப் பிரிந்துகொண்டது. பார்வதிபுரம் இழுத்தது. குமாரகோவில் விலக்கு இழுத்தது. சனியன். ஒன்று, இரண்டு என்று எண்ணினார், மூன்று இழுத்தது. கோயில் மணியை நினைத்தார், மூன்றாவது மணி இழுத்தது. சொந்த மூச்சைப் பார்த்தார், வேண்டாம், அதைப் பார்க்கக் கூடாது, மூச்சைப் பார்க்கத் தொடங்கினால் மூச்சு மறந்துபோகும். எத்தனை பேருக்கு இதைச் சொல்லிவைத்தார். ராஜசிங் விழுந்த பிறகு துக்கத்துக்கு வந்தவனிடமெல்லாம் சொன்னார், மூணாவது இழுத்தது, நான்தான் சொன்னேன், அதனால்தான் ஏறினான். காத்தாடி நிற்கிறது, யாரும் சோதிக்க முடியாது, இருந்தாலும் ஒவ்வொருவனும் தலையாட்டினான். ஆமா அண்ணாச்சி, நானும் ரோட்டுல போகும்பம் கேட்டிருக்கேன் என்றான் பால்காரன். நானும் என்றான் சலூன்காரன். முன்னால் ஒருத்தனுக்கும் கேட்கவில்லை. அவர் சொன்ன பிறகு பழைய சத்தத்தில்கூட எல்லாருக்கும் இழுப்பு கேட்டது. முதலில் தெம்பாக இருந்தது. பிறகு பயம் வந்தது. செத்தவன் வீட்டில் ஒரு புளுகை விதைத்தால் முளைக்கிற வேகமா இது, இல்லை உண்மை வெளியே வருகிற வேகமா. இரண்டும் ஒரே மாதிரிதான் முளைக்கும்போலிருக்கிறது.

அவன் விழுந்த அந்தச் செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என்பது மட்டும் நிச்சயம், அன்றைக்குச் சந்தை. வாழைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். ராஜசிங் வேனை நிறுத்திவிட்டு வரப்பு வழியாக வந்தான். முகம் சரியில்லை. கேட்கவில்லை அவர். கேட்டிருக்கலாம். முகத்தைப் பார்த்தவர் காதைப் பற்றிப் பேசினார். "லே, சொன்னல்லா, இழுக்குதுலே. மூணாவது. நல்லா இழுக்குது." அவன் நின்று மேலே பார்த்துக் கொஞ்ச நேரம் கேட்டான். தலையை ஆட்டினான். கேட்டு ஆட்டினானா, மாமா சொல்கிறாரே என்று ஆட்டினானா. மாமாவுக்குப் பாம்புக் காது என்று சிரித்தான். காத்தாடியை நிறுத்தினான். அவர் மடையை மாற்றக் குனிந்தார். நிமிரும்போது அவன் ஏணியில் பாதி தூரம் போயிருந்தான், தனியாக. இரண்டு பேர் இல்லாமல் ஏறக்கூடாது. அந்தக் காற்றில் ஏறவே கூடாது. இடுப்பு பெல்ட் வேனிலேயே கிடந்தது. அதுதான் ஊர் வாய்க்கு அவல். பெல்ட் இல்லாமல், துணை இல்லாமல், ஆனிக் காற்றில் எவனாவது வேலைக்கு ஏறுவானா? அவன் ஏறினது வேலைக்கில்லை. அதை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. பாதி சொல்லி எச்சிலை விழுங்குகிறார்கள். அந்தப் பாதி சுகந்தி காதில் முழுசாக விழுந்திருக்கிறது, ஏனென்றால் மீதிப் பாதி அவளிடம் இருக்கிறது. அன்று காலையில் சண்டை. அவள் தங்கச்சி வளைகாப்புக்கு லீவு இல்லை, வரமுடியாது என்றான் அவன். சண்டை முற்றிக் கடைசியில் அவள், போங்க, ஒரேயடியாப் போய்த் தொலைங்க என்றிருக்கிறாள். எல்லாப் பெண்டாட்டியும் சொல்கிறதுதான். செல்லபாய் வாரத்துக்கு இரண்டு தடவை சொல்வாள். ஆனால் அவன் போய்விட்டான். சுகந்தி இதைச் செல்லபாயிடம் சொல்லி அழுதாள், செல்லபாய் அவரிடம் சொன்னாள். அவர் போய், பிள்ளே, அது இல்ல காரியம், காத்தாடிச் சத்தம் சரியில்லைன்னு நான்தான் சொன்னேன், அதைக் கேட்டுத்தான் ஏறினான் என்றார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். எனக்காகச் சொல்லுதீய மாமா என்றாள். நம்பவில்லை. என் மனசு ஆறட்டும் என்று பெற்ற தாயைப்போலப் பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் கிழவர் என்று நினைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் இரக்கமாகப் போய்விடுகிறது. அதற்கு மேல் அவர் என்ன செய்ய. மிஷின்தான் சாட்சி சொல்ல வேண்டும்.

சொல்லுமா? சொல்லாமல் போனால்? மூன்று இறக்கையும் ஒன்றுபோல உஷ் உஷ் உஷ் என்று எண்ணெய் போட்ட மாதிரி இறங்கினால்? அப்படியானால் ஒன்றுமில்லாத சத்தத்துக்கு அவனை மேலே அனுப்பியது இந்தக் காது. காதல்ல, ஆள். தவசிமுத்து. பிள்ளையைத் தோளில் போட்டு ஓடினவன். ராஜசிங் சும்மா சொன்ன ஒரு வார்த்தையை வாங்கி, மாசக்கணக்கில் அடைகாத்து, குஞ்சு பொரித்து, அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். உன் வார்த்தைதான் மக்கா, நீ வைத்துக்கொள் என்று. அவனும் வாங்கிக்கொண்டு ஏறினான். ஆகவே இழுக்க வேண்டும். அது கெட்டுப்போயிருக்க வேண்டும். இறக்கையில் வெடிப்பு இருக்க வேண்டும், கையளவு வெடிப்பு, எஞ்சினியர் கண்ணைக் குத்துகிற வெடிப்பு. சாமி, கெட்டுப்போயிருக்கட்டும். இப்படியும் ஒருத்தன் வேண்டுவானா. வேண்டினார். வேண்டிக்கொண்டே, வேண்டக்கூடாதே, வேண்டினால் காது கேட்டுவிடுமே என்று பதறினார். காலண்டரில் ஒரு அம்மன் படம். அம்மன் அவர் தலைக்கு மேலாக மேற்கே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலிக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தார். ஸ்டியரிங் மாதிரி. காற்று ஒரு தடவை ஓய்ந்தது. ஓய்ந்து மறுபடி வரும்போது அதற்குள்ளே ஒன்று இருந்தது.

உஷ்.

அவர் அசையவில்லை. தெற்கே உள்ளதாக இருக்கும். இல்லை. தெற்கே உள்ளது தெற்கே இருக்கிறது. இது முதுகுக்கு நேரே. ஓட்டைக்குள் எதுவோ நிறைகிறது, குழிக்குள் தண்ணீர் ஊறுகிற மாதிரி, அடியிலிருந்து. உஷ். மெதுவாகத்தான் தொடங்கும், அதற்கு உடம்பு சூடேற வேண்டும். உஷ். இரண்டா, மூன்றா? எந்த இறக்கை முதல் என்று எப்படித் தெரியும்? தெரியாது. தெரியவும் வேண்டாம். சுற்றட்டும். சுற்றிச் சுற்றி அதுவாகச் சொல்லட்டும். எதையும் எண்ணாதே. நீ ரோட்டில் போகிறவன், தண்ணீர் குடிக்க வந்தவன். உஷ், உஷ். வேகம் பிடித்துவிட்டது. உஷ், உஷ், உ… இதோ. இல்லை, அவசரப்படாதே. உஷ், உஷ், உஉஷ். இதோ, இதோ, இழுத்தது. மறுபடி. உஷ், உஷ், உஉஷ். சந்தேகமே இல்லை. செக்கு மாட்டுக்குக் கால் நொண்டுகிற மாதிரி ஒவ்வொரு சுற்றுக்கும் அதே இடத்தில் நொண்டுகிறது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முப்பது வருஷம் ஓட்டின காதுலே இது என்று யாரிடமோ சொன்னார், டாக்டரிடமா, டெப்போ மெக்கானிக்கிடமா. கெட்டுப்போயிருக்கிறது. நன்றாகக் கெட்டுப்போயிருக்கிறது. அவன் வேலைக்காக ஏறினான். இல்லாத ஒன்றைப் பார்க்க ஏறவில்லை, இருக்கிறதைப் பார்க்க ஏறினான். நான் சொன்னது இருந்தது மக்கா. இருந்தது. சந்தோஷம் வந்தது, செத்தவனை வைத்துக்கொண்டு வருகிற சந்தோஷம், கள்ளப்பணம் மாதிரி, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஏட்டி, வா இங்க என்று கூப்பிட்டார். செல்லபாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஓட்டிட்டான், கேளு என்றார். பேசாதே, கேளு, மூணாவது எறக்க. செல்லபாய் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் மெல்ல மாறியது. "ஆமா," என்றாள். "கேக்குது. அய்யோ, நல்லாக் கேக்குதே." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான காலத்தில் பிடித்தது, அதற்கப்புறம் இப்போதுதான். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு, சாத்தின வீட்டுக்குள், அந்த இழுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கிழக்கு வாசலில் செருப்புச் சத்தம். சுகந்தி. வா பிள்ளே, வா, கேட்டுட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள். சேலை முந்தானையில் புழுதி, வெயிலில் நின்ற முகம். இன்றைக்கு ஓட்டவில்லையாம் என்றாள். ஏதோ ஒயர் வர வேண்டுமாம், நாளைக்குத்தானாம், வந்தவர்கள் எல்லாரும் அப்போதே போய்விட்டார்களாம். அவள்தான் எழுந்து வர மனசில்லாமல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

செல்லபாயின் கை அவர் கையிலிருந்து நழுவியது.

அசையவே இல்லையா என்று கேட்டார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. இல்ல மாமா, பூட்டுனபடிக்கே கெடக்கு என்றாள். அவள் சொன்ன அந்த நிமிஷம் ஓட்டை திரும்பி வந்துவிட்டது. அப்படியே, விளிம்பு மாறாமல், பல் போன இடம். அவர் கேட்டது எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை, எங்கிருந்தும் வரவும் இல்லை. செல்லபாய் அவரைப் பார்த்தாள். அவளும் கேட்டாளே. அவள் காதும் கேட்டதே. அவள் பார்வையில் திட்டு இல்லை, கேலி இல்லை, நாற்பது வருஷத்தில் அவர் பார்க்காத ஒன்று இருந்தது. பயம். அவரைப் பார்த்துப் பயம். அப்படியானால் செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான். வரப்பில் நின்று அவன் தலையாட்டினானே, அதுவும் இப்படித்தான். விசில். தட்டல். எல்லாம் இப்படித்தான். மனசு அந்த முள்ளை இந்தத் தடவை சுற்றிப் போகவில்லை, முழுக்காலையும் ஊன்றி மிதித்தது, வலிக்கக்கூட இல்லை. சுகந்தி தரையில் சுவரோரமாக உட்கார்ந்தாள். மெலிந்துபோயிருந்தாள். வளையல் இல்லாத கை முழங்காலைச் சுற்றிக் கிடந்தது. சோறு திங்கிறாளா என்பதே சந்தேகம், இரண்டு வாய் போட்டுவிட்டுத் தட்டை நகர்த்திவிடுகிறாள் என்று செல்லபாய் சொல்லியிருந்தாள். நாளைக்கு நானும் உங்ககூட இருந்து கேக்கட்டா மாமா என்றாள். என்ன கேட்க வேண்டும் என்று தனக்குத் தெரியாது என்றாள். அவன் வீட்டில் வேலையைப் பற்றிப் பேசியதே கிடையாதாம், அவளுக்கு எல்லாக் காத்தாடியும் ஒரே இரைச்சல்தானாம். துக்க வீட்டில் மாமா சொன்னதெல்லாம் எங்கே காதில் ஏறியது, இப்போது சொல்லித்தாருங்கள் என்றாள். அவர் அவளைப் பார்த்தார். இந்த ஊரில் மிஞ்சியிருக்கிற ஒரே காது. யாரும் கை வைக்காத, ஈரம் காயாத சாந்துச் சுவர். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்தால் நாளைக்கு அந்தக் காது உள்ளதைச் சொல்லிவிடும். இழுக்கவில்லை மாமா, மூன்றும் ஒன்றுபோலத்தான் என்று சொல்லிவிடும். உள்ளது அதுதானே. உள்ளது தெரியட்டுமே. செல்லபாய் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று. அவரும் வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஒன்றும் இல்ல பிள்ளே, நீயா கேளு, அவ்வளவுதான், சொல்லிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவ வேண்டியது. நாக்கு அதற்குத் தயாராகக்கூட இருந்தது.

"கேக்கலன்னா," என்றாள் சுகந்தி, தரையைப் பார்த்தபடி, "நான் சொன்ன சொல்லுதான் மாமா."

வெளியே காற்று வீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தது. தவசிமுத்து தொண்டையைக் கனைத்தார்.

"மூணாவது எறக்க," என்றார். "மொதல் ரெண்டும் சும்மா வீசிட்டுப் போவும். மூணாவது எறங்கும்பம் கொஞ்சம் தயங்கி, இழுத்துட்டு வரும். ரொம்பச் சின்ன இழுப்புதான். கவனிச்சாத்தான் தெரியும். ஒரு தடவ பிடிச்சிட்டன்னா பெறவு விடாது."

செல்லபாய் அடுக்களைக்குள் போய்விட்டாள். சுகந்தி எழுந்தாள். மேற்கு ஜன்னலுக்குப் போய்க் கொண்டியை விலக்கித் திறந்தாள். வெளிச்சமும் காற்றும் புழுதியும் ஒன்றாக உள்ளே விழுந்தன, காலண்டர் சுவரில் படபடத்தது. அவர் திரும்பிப் பார்த்தார். வாழைக்கு மேலே அந்தக் காத்தாடி ஒரு இறக்கையை நேரே மேலே நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. அதற்கு அப்பால் மற்றவை சுற்றிக்கொண்டிருந்தன. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். கேட்காமல் போகட்டும் என்று அவர் நினைத்தார், கேட்கட்டும் என்று நினைத்தார், இரண்டையும் ஒரே மூச்சில் நினைத்தார். அவள் தோள் மெல்ல இறங்கியது.

"அந்தா மாமா," என்றாள். "தெக்கே சுத்துதுல்லா, அதுலயும் இழுக்குது." கொஞ்சம் பொறுத்து, "அதுக்கு அங்கிட்டு உள்ளதுலயும்" என்றாள். பிறகு திரும்பினாள். ஒரு மாசமாக இறுகிக் கிடந்த முகம் தளர்ந்து சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகியிருந்தது. "அப்பம் எல்லாத்துலயும் இருக்கு. அதான் அவிய ஏறிப் பாக்கப் போயிருக்காவ. பெல்ட்டு மாட்டக்கூட நேரமில்லாம போயிருக்காவ."

ஆமா பிள்ளே என்றார். சொல்லும்போதே அவருக்கும் கேட்டது. தெற்கே உள்ளது இழுத்தது. வடக்கே உள்ளது இழுத்தது. மலையோரம் வரிசையாக நிற்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நொண்டத் தொடங்கின, கணவாய் முழுக்க.

அத்தே, சோறு இருக்கா என்று சுகந்தி உள்ளே பார்த்துக் கேட்டாள். செல்லபாய் தட்டில் சோற்றைப் போட்டு மீன் குழம்பை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சுகந்தி சம்மணம் போட்டு உட்கார்ந்து பிசைந்து சாப்பிட்டாள். பசியோடு சாப்பிட்டாள். ஜன்னல் திறந்தே கிடந்தது. சாத்தலாமா என்று அவர் எழுந்தார். வேண்டாம் மாமா, கெடக்கட்டும் என்றாள் வாயில் சோற்றோடு. ஒரு வாய் தின்றாள். இன்னொரு வாய் தின்றாள். மூன்றாவது வாய் பாதியில் கை நின்றது. தலையைச் சாய்த்து, கேட்டாள். பிறகு தின்றாள்.